சாம்பிராணிக்கு 480, கொசுவத்திக்கு 110: எதப் பாத்து பயப்படணும்?

பேராக் சுங்கை சிப்புட்ல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கா, சுற்றுச்சூழல் சுகாதாரம் டிப்ளோமா கடைசி வருஷம் படிக்கிறா. நீளமான லெட்டர், முக்கியமானத மட்டும் இங்க போடுறேன்.

"அக்கா, நாங்க தோட்டத்து லயத்துல (தொழிலாளிங்களோட வரிசை வீடு) இருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்துட்டோம். பாட்டிக்கு 68 வயசு. பால்மரம் வெட்டுனவங்க, அப்புறம் செம்பனை வந்ததும் மருந்து அடிக்கிற வேலைக்குப் போனாங்க. இப்ப ஆறு மாசமா இருமல், கோயில் வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்குது. ஆன்லைன்ல பிஎம் 2.5, அதான் காத்துல இருக்கற ரொம்ப நுண்ணிய தூசிய அளக்கற மீட்டர் ஒண்ணு வாங்கி ஹால்ல டிவி ரேக் மேல வச்சேன். வெள்ளிக்கிழமை அம்மா சாம்பிராணி போட்டப்ப 480 காட்டுச்சு, அரை மணி நேரம் எறங்கவே இல்ல. ராத்திரி பாட்டி ரூம்ல கொசுவத்தி கொளுத்துனா 110 கிட்ட நிக்குது, மத்த நேரம் 25. உலக சுகாதார நிறுவனம் 15தான்னு சொல்லுது. அப்ப சாம்பிராணிதானே பாட்டிய இப்படி ஆக்குனது? லயத்துல 20 வீடு, தாமான்ல 20 வீடு அளந்து இத நிரூபிக்கறதுதான் என் ப்ராஜெக்ட். அம்மாகிட்ட சாம்பிராணி போடாதீங்கன்னா வீட்டுல சண்டை. நான் என்ன செய்யணும்?"

தங்கச்சி, ப்ராஜெக்ட் அப்புறம், முதல்ல பாட்டிய அரசாங்க கிளினிக் கெசிஹாதானுக்குக் கூட்டிட்டுப் போ. ஆறு மாச இருமல நீ மீட்டர் வச்சுப் பாத்துட்டு இருக்கக்கூடாது. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னாலே சளி டெஸ்ட் எடுத்து காசநோய் இருக்கா இல்லையான்னு பாக்கணும், நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கணும், இதயத்துல எதும் பிரச்சனை இருந்தாலும் இப்படித்தான் மூச்சு வாங்கும், அதையும் பாக்கணும். டாக்டர் வழக்கமா "சிகரெட் பிடிப்பீங்களா"ன்னு கேப்பாரு, பாட்டி "இல்ல"ன்னு தலைய ஆட்டுவாங்க, பேச்சு அதோட முடிஞ்சிடும். அங்கதான் நீ வாயத் தொறக்கணும். எத்தனை வருஷம் வெறகு அடுப்புல சமைச்சாங்க, தாத்தா வீட்டுக்குள்ளயே சுருட்டு பிடிச்சாரா, எத்தனை வருஷம் மருந்து அடிச்சாங்க, ராத்திரி கொசுவத்தி பக்கத்துலயே படுக்கறாங்களா, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போ. சிகரெட்டே தொடாத பொம்பளைங்களுக்கும் சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் நாள்பட அடைச்சுக்கற நோய் வரும், அடுப்புப் புகையில பாதி ஆயுச கழிச்சவங்களுக்கு வரும், ஆனா "ஆஸ்துமா மாதிரி இருக்கு"ன்னு பஃப் குடுத்து அனுப்பிட்டா உண்மையான பேரு வெளிய வராது. ஸ்பைரோமெட்ரின்னு ஒரு ஊதுற டெஸ்ட் இருக்கு, அது செய்ய முடியுமா இல்ல ஈப்போவுக்கு ரெஃபர் பண்ணுவாங்களான்னு கேளு. மூச்சு விரியிற மருந்து குடுத்த பிறகும் முதல் செகண்டுல வெளிய தள்ளுற காத்து, மொத்தமா ஊதுற காத்துல 0.7க்குக் கீழ இருந்தா மூச்சுக்குழாய் அடைப்பு இருக்குன்னு அர்த்தம். உதடு நீலமாச்சு, பேச்சே வரலன்னா கிளினிக் வேணாம், நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சி.

இப்ப மீட்டருக்கு வருவோம்.

480ங்கிற நம்பர் உன்ன பயமுறுத்திடுச்சு, 110 பழகிப்போச்சு. இங்கதான் கணக்கு தப்புது. கொஞ்சம் கூட்டிப் பாரு. சாம்பிராணி அரை மணி நேரத்துக்கு வழக்கத்த விட 455 கூடுதல், அரை மணின்னா 227 சொச்சம். கொசுவத்தி வழக்கத்த விட 85 கூடுதல், ஆனா எட்டு மணி நேரம், அது 680. ஒரு ராத்திரிலயே மூணு மடங்கு ஆயிடுச்சு. அதுவும் சாம்பிராணி வாரத்துல ஒரு நாள், கொசுவத்தி ஏழு ராத்திரியும், வாரத்துக்குக் கூட்டுனா 4,760. இருபது மடங்குக்கு மேல! ஒரே கொட்டா கொட்டிட்டுப் போற மழைய எல்லாரும் பேசுவாங்க, ராத்திரி பூரா தூறுறதுதான் செவுத்த ஊற வைக்கும். நீயோ அம்மாகூட சாம்பிராணிக்கு சண்டை போட்டுட்டு இருக்க.

அதே மாதிரி 15ங்கிறத 480கூட நேரா வச்சுப் பாக்கக்கூடாது. 2021ல உலக சுகாதார நிறுவனம் சொன்ன அந்த 15, ஒரு கன மீட்டர் காத்துல இத்தனை மைக்ரோகிராம்ங்கற கணக்கு, 24 மணி நேர சராசரி, வருஷ சராசரிக்கு 5. சாம்பிராணி மட்டும் போட்ட நாளுக்கு உன் வீட்டு சராசரி 34, கொசுவத்தி மட்டும் கொளுத்துன நாளுக்கு 53. எதுவுமே கொளுத்தலன்னாகூட 25, அதாவது வெளிக் காத்தும் சமையலும் மட்டுமே 15ஐ தாண்ட வைக்குது. ஜேகேகேபியோட (வேலையிட பாதுகாப்பு, சுகாதாரத் துறை) 2010 உள்ளக்காத்து நெறிமுறைய எடுத்து ஒப்பிடலாம்னு யாராச்சும் சொன்னா வேணாம்னு சொல்லிடு, அது வேலை செய்யிற எடத்துக்கு எழுதுனது, ஏசி ஆபீஸ மனசுல வச்சு, அதுல உள்ள தூசி கணக்கும் பிஎம் 10, அதாவது இன்னும் பெரிய தூசியும் சேந்தது. வீட்டுல பாய் போட்டுப் படுக்கற பாட்டிக்கு அது பொருந்தாது.

பாயின்னதும் ஞாபகம் வருது, பாட்டி கீழதானே படுக்கறாங்க? கொசுவத்தியும் கீழதான். நீ ராத்திரி மீட்டர எங்க வச்சன்னு லெட்டர்ல இல்ல. டிவி ரேக் மேலயோ அலமாரி மேலயோ வச்சு எடுத்ததுன்னா அது பாட்டி மூச்சு இல்ல, அலமாரி மூச்சு. தலகாணி உயரத்துல, மூக்குல இருந்து ஒரு முழம் தள்ளி வை. பகல்ல உக்காந்திருக்கவங்களுக்கு மூக்கு உயரம். இந்தத் துறையில ரொம்ப வருஷமா அடிச்சுக்கிட்டு வர்ற விஷயமே இதுதான், ரூம அளக்கறது வேற, ஆள அளக்கறது வேற, நோய அளக்கறது இன்னும் வேற. பாட்டி பின்னாடி வெறகு அடுப்புல தண்ணி காய வைப்பாங்கன்னு லெட்டர் கடைசியில போற போக்குல எழுதியிருக்க பாரு, அது உன் ஹால் மீட்டர்ல வரவே வராது. ஆனா அவங்க குந்திட்டு ஊதுகுழல்ல ஊதும்போது முகம் அடுப்புக்கு நேரா இருக்கும்.

இன்னொண்ணு, நீ வாங்கின மீட்டர் லேசர் வெளிச்சம் தூசியில பட்டு சிதறுறத வச்சு கணக்கு போடுறது. நம்ம ஊரு ஈரக்காத்துல, முக்கியமா விடியக்காலையில, தூசி தண்ணிய உறிஞ்சி உப்பிக்கும், மீட்டர் அத தூசின்னே எண்ணி கூடுதலா காட்டும். மீன் பொரிக்கற புகை, சாம்பிராணி புகை, ரோட்டுத் தூசி ஒவ்வொண்ணுக்கும் அது வேற வேற மாதிரி தப்பு செய்யும். அதனால தூக்கிப் போட வேணாம். ஒரே மீட்டர ஒரே எடத்துல வச்சு கூடிச்சா கொறைஞ்சுதான்னு பாக்க நல்லா உதவும். காலேஜ்ல ஃபில்டர் வச்சு எடை போடுற சாம்ப்ளர் இருந்தா கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, கொஞ்ச நாள் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட விடு, எவ்வளவு தள்ளி இருக்குன்னு தெரிஞ்சிடும்.

சரி, "நிரூபிக்கணும்"ங்கிற வார்த்தைக்கு வருவோம். பாட்டிக்கு எதனால வந்துச்சுன்னு உன்னாலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது. அடுப்பு, சுருட்டு, மருந்து, கொசுவத்தி, பழைய சளி, எல்லாம் ஒரே நெஞ்சுக்குள்ள போயிருக்கு. ஒரு ஆள வச்சு பிரிக்க முடியாததத்தான் பெரிய கூட்டத்த வச்சு பிரிக்கப் பாக்கறாங்க, அதுவே எவ்வளவு கஷ்டம்னு நீ தெரிஞ்சுக்கணும்.

குவாத்தமாலா மலைப்பக்கத்துல கிர்க் ஸ்மித் குழு ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்க, 2011ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு. 534 வீடு. திறந்த வெறகு அடுப்புல சமைக்கிற வீடுங்கள்ல சீட்டுக் குலுக்கற மாதிரி பிரிச்சு பாதி பேருக்கு புகைபோக்கி வச்ச அடுப்பு கட்டிக் குடுத்தாங்க. கைக்குழந்தைங்களுக்கே சின்ன குழாய் மாட்டி கார்பன் மோனாக்சைடு எவ்வளவு போகுதுன்னு அளந்தாங்க, அதாவது ஆள அளந்தாங்க. புகை பாதியா கொறைஞ்சுச்சு. ஆனா டாக்டர் பாத்து சொன்ன நிமோனியா உறுதியா கொறைஞ்சுச்சுன்னு சொல்ல முடியல, மோசமான வகை நிமோனியாதான் கொறைஞ்சுச்சு. அப்புறம் மலாவியில பத்தாயிரத்துக்கு மேல குழந்தைங்கள வச்சு நல்ல அடுப்பு குடுத்துப் பாத்தாங்க, வித்தியாசமே இல்ல. அடுப்பு ஒடஞ்சு போச்சு, குப்பை எரிக்கற புகை வேற, சிகரெட் புகை வேற, ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் வந்துச்சு.

இன்னும் நமக்கு கிட்டக்க ஒண்ணு. ஹாப்பின் (HAPIN)னு ஒரு ஆராய்ச்சி, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா நாலு நாட்டுல 3,200 கர்ப்பிணிங்கள வச்சு செஞ்சது. இந்தியாவுல எங்கன்னா விழுப்புரமும் நாகப்பட்டினமும், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்துல கல்பனா பாலகிருஷ்ணன் குழுதான் நடத்துனாங்க. பாதி பேருக்கு கேஸ் அடுப்பும் 18 மாசத்துக்கு இலவச கேஸும். மூச்சுல போற பிஎம் 2.5 வெறகு வீட்டுல 70 கிட்ட, கேஸ் வீட்டுல 24. இவ்வளவு கொறைஞ்சும் 2022ல வந்த முடிவுல பொறந்த குழந்தையோட எடை பெருசா மாறல, 2024ல வந்ததுல நிமோனியாவும் மாறல. இதப் படிச்சிட்டு "அப்ப புகை ஒண்ணும் செய்யாது"ன்னு பேசுறவங்க இருக்காங்க, எனக்கு அந்தப் பேச்சு புடிக்காது. ஒண்ணர வருஷத்துல குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு பாத்தாங்க, அம்மாவோட நுரையீரலுக்கு முப்பது வருஷத்துல என்ன ஆகும்னு பாக்கல. சீனாவுல யுன்னான் மாநிலம் ஷுவான்வெய்னு ஒரு எடம், சிகரெட் பிடிக்காத பொம்பளைங்களுக்கே நுரையீரல் புத்துநோய் கொள்ளையா வந்த ஊரு, வீட்டுக்குள்ள புகைக்கரி எரிப்பாங்க. அங்க புகைபோக்கி வச்ச வீடுகள்ல புத்துநோய் கொறைஞ்சது 2002ல வெளிவந்துச்சு. அந்தக் கொறைவு தெரிய பத்து வருஷம் ஆச்சு. உன் ப்ராஜெக்டுக்கு ஒரு செமஸ்டர்தானே இருக்கு.

நம்ம மலேசியாவுலயே செஞ்சது இருக்கு, அத நீ கட்டாயம் படிக்கணும். 1995ல கோலாலம்பூர்ல ஆஸ்துமாவோட ஆஸ்பத்திரியில சேந்த குழந்தைங்களையும் ஆஸ்துமா இல்லாத குழந்தைங்களையும் வச்சு ஒப்பிட்டாங்க. வாரத்துக்கு மூணு ராத்திரியாச்சும் கொசுவத்தி புகையில படுத்த குழந்தைங்களும், சிகரெட் பிடிக்கிற பெரியவங்ககூட ஒரே ரூம்ல படுத்த குழந்தைங்களும்தான் அதிகமா சேந்திருந்தாங்க. 2003ல சீனாவுலயும் மலேசியாவுலயும் விக்கிற கொசுவத்திய கொளுத்தி அளந்த ஆராய்ச்சி வந்துச்சு, யூபிஎம் (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) பேராசிரியர் ஜைலினா ஹாஷிமும் அதுல இருந்தாங்க. ஒரு கொசுவத்தி முழுசா எரிஞ்சா வர்ற பிஎம் 2.5, 75ல இருந்து 137 சிகரெட்டுக்கு சமம்னு கணக்கு. சிகரெட்டும் கொசுவத்தியும் ஒரே விஷம்னு இதுக்கு அர்த்தம் இல்ல, தூசியோட எடையச் சொல்றாங்க. இருந்தாலும் மூடுன ரூம்ல பாட்டி தலமாட்டுல ராத்திரி பூரா அது எரியுதுங்கறத யோசி.

சாம்பிராணி, ஊதுபத்தி சும்மான்னு நான் சொல்லல. சிங்கப்பூர் சீனர்கள் அறுபதாயிரம் பேருக்கு மேல வருஷக்கணக்கா பின்தொடர்ந்து 2008ல வந்த முடிவுல, ரொம்ப காலம் வீட்டுல ஊதுபத்தி கொளுத்துனவங்களுக்கு மேல்மூச்சுப்பாதையில சில வகை புத்துநோயும் நுரையீரல் புத்துநோயில ஸ்குவாமஸ்னு ஒரு வகையும் கூடுதலா இருந்துச்சு. மொத்த நுரையீரல் புத்துநோயில வித்தியாசம் தெரியல. ஆனா அது தினமும், வருஷக்கணக்கா. அதனால அம்மாகிட்ட "போடாதீங்க"ன்னு போகாத, போட்ட அன்னைக்கு கதவு ஜன்னல தொறந்து வச்சு பாட்டிய அந்த அரை மணி நேரம் வீட்டுக்கு வெளிய முன்னாடி இருக்கற அஞ்சடி நடையில உக்கார வைங்கன்னு சொல்லு. வீட்டுல கைக்குழந்தை வந்தா, குளிப்பாட்டி தலைக்கு சாம்பிராணி காட்டறத மட்டும் நான் வேணாம்னு நேராவே சொல்லுவேன், இதுல சமாதானம் பேச எனக்கு மனசு வராது, பச்சப் புள்ள நெஞ்சு அது.

இப்ப உன் 20 வீடு 20 வீடு திட்டம். இது வேலைக்கு ஆகாது, ஏன்னு சொல்றேன். லயத்துக்காரங்களுக்கும் தாமான்காரங்களுக்கும் புகை மட்டும்தான் வித்தியாசமா? வருமானம், வேலை, வயசு, வீட்டுல எத்தனை பேரு, யாரு மருந்து அடிச்ச துணியோட வீட்டுக்குள்ள வர்றாங்க, பக்கத்துல யாரு குப்பை எரிக்கறாங்க, எல்லாமே வேற. அதுலயும் நீ நெனைக்கறதுக்கு நேர் எதிரா வர வாய்ப்பு இருக்கு. பழைய லயத்து வீடு பலகை, மேல தகரம், கூரைக்கும் செவுத்துக்கும் நடுவுல கை போற அளவு சந்து, புகை தன்னால போயிடும். தாமான் வீட்டுல பின்னாடி இருந்த திறந்த எடத்த அடைச்சு கிச்சன இழுத்துக் கட்டியிருப்பாங்க, கிச்சன் ஜன்னலு இப்ப அடுத்த ரூம பாத்து தொறக்கும், முன் ரூம்ல ஏசி போட்டு மூடியிருப்பாங்க. வசதியான வீட்டுல காத்து மோசமா இருந்தா ஆச்சரியப்படாத.

நான் சொல்றத செய். வீட்ட வீட்டோட ஒப்பிடாத, ஆள அவங்களோடயே ஒப்பிடு. ஏற்கனவே தினமும் கொசுவத்தி கொளுத்தற வீடா இருபது எடு. பாதி வீட்டுல முதல் ரெண்டு வாரம் வழக்கம்போல, அடுத்த ரெண்டு வாரம் கொசு வலை, மீதி பாதிக்கு முதல்ல வலை, அப்புறம் வழக்கம்போல. யாருக்கு எது முதல்லங்கறத சீட்டுப் போட்டு முடிவு பண்ணு, நீயா தேர்ந்தெடுக்காத. தலகாணி உயரத்துல மீட்டர், அதோட எவ்வளவு வேகமா ஊத முடியுதுன்னு பாக்கற பீக் ஃப்ளோ மீட்டர்ல ஊதுறது காலையும் ராத்திரியும், இருமலுக்கு ஒரு சின்ன டைரி. புகை எவ்வளவு கொறையுதுன்னு உனக்கு தெளிவா கிடைக்கும். மூச்சு மாறுதான்னு ஒரு கோடு தெரிஞ்சா தெரியும், தெரியலன்னா தெரியலன்னே எழுது, இருபது வீட்ட வச்சு நோய் கொறைஞ்சுச்சுன்னு எழுதிடாத. டெங்கி இருக்கற ஊருல கொசுவத்திய நிறுத்த சொல்லிட்டு கையக் கட்டி நிக்க முடியாது, அதனால வலைய நீயே வாங்கிக் குடுக்கணும், முடிஞ்சதும் எல்லா வீட்டுக்கும் வலை விட்டுட்டு வரணும். டெங்கி கொசு பகல்ல கடிக்கிறதுன்னு உனக்கே தெரியும், அதனால ஜன்னல் வலையும் தேங்கி நிக்கற தண்ணியும் சேத்துத்தான். ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் புகைமூட்டம் வந்தா எல்லா கணக்கும் குழம்பும், அன்னன்னைக்கு ஐபியு (காத்துத் தூய்மைக்கேட்டு குறியீடு) நம்பரையும் வெளிய ஒரு மீட்டரையும் சேத்து குறிச்சு வை. புகைமூட்டத்துல ஜனங்க ஜன்னல மூடிட்டு உள்ள கொசுவத்தி கொளுத்துவாங்க, அத தனியா குறி, ரொம்ப நல்ல தகவல்.

கேள்வித்தாள்ல "உங்க வீட்டுல புகை இருக்கா"ன்னு கேட்டா அத்தனை பேரும் இல்லன்னுதான் சொல்லுவாங்க, பொறந்ததுல இருந்து இருக்கறது யாரு கண்ணுக்குத் தெரியும்? "நேத்து ராத்திரி எத்தனை கொசுவத்தி, எந்த ரூம்ல, கதவு மூடியிருந்துச்சா, யாரு படுத்தாங்க, காலையில வெறகு பத்த வச்சீங்களா"ன்னு கேளு. ஆண்டி ஒருத்தங்க "நான் கேஸ்லதான் சமைக்கறேன்"னு சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா கேஸ் தோங் காச மிச்சம் புடிக்க தண்ணி மட்டும் வெறகுல காயும். ரெண்டையும் சேத்து வச்சிருக்கற வீடுதான் அதிகம்.

காலேஜ் எத்திக்ஸ் கமிட்டி கையெழுத்து இல்லாம ஒரு வீட்டுக்கும் போகாத. கிளினிக் நோயாளிங்க தகவல் வேணும்னா என்எம்ஆர்ஆர்ல (தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேடு) பதிவு செய்யணும். லயத்துக்குப் போறதுக்கு மேனேஜ்மெண்ட் அனுமதி கேளு, ஆனா எந்த வீட்டுல என்ன நம்பர் வந்துச்சுன்னு அவங்ககிட்ட குடுக்காத, வீட்டுக்காரங்ககிட்ட மட்டும் சொல்லு. அம்மாவோ மாமியாரோ, வீட்டுல சமைக்கறவங்ககிட்ட தனியா பேசு, ஆம்பளைங்க "எங்க வீட்டுல ஒண்ணும் பிரச்சனை இல்ல"ன்னு வாசல்லயே பேசி முடிச்சிடுவாங்க.

பாட்டிக்கு இந்த வாரமே செய்ய வேண்டியது: கொசுவத்திக்குப் பதிலா வலை, மருந்து திரவம் ஊத்துற கரண்ட் மெஷின் புகைய கொறைக்கும்தான் ஆனா அதுலயும் பூச்சிமருந்து ஆவி வரும், அதனால எனக்கு வலைதான் முதல்ல. தண்ணி காய வைக்கறத கேஸுக்கு மாத்து, மழைன்னு கரி அடுப்ப வீட்டுக்குள்ள கொண்டு வர விடாத, அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கெடையாது, இருமலும் வராது, ஆளையே எடுத்துடும்.

கிளினிக் போயிட்டு வந்து என்ன சொன்னாங்கன்னு எழுது. ப்ராஜெக்டுக்கு கேள்வித்தாளையும், வீட்டுங்கள எப்படி ரெண்டா பிரிக்கப் போறங்கறதையும் ரெண்டு பக்கத்துல தமிழ்லயே எழுதி அனுப்பு, சூப்பர்வைசர்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி நான் பாத்துத் தர்றேன்.